புதைந்தும் அழியாத ஊர்: பிலிப்பைன்ஸ் நாட்டின் பகொலோர்

ஓர் ஊர் எப்போது அழிந்ததாகக் கொள்ளப்படும்? வீடுகள் வீழ்ந்துவிட்டால் அது அழிந்துவிடுகிறதா? வயல்கள் மூடப்பட்டுவிட்டால்? அல்லது அங்கே வாழ்ந்தவர்கள் வேறிடம் சென்றுவிட்டால்? திட்டமிடும் அலுவலகங்களில் இக்கேள்விக்கு விரைவாக விடை எழுதிவிடுகிறார்கள். சொந்தக் காணியை விட்டு வெளியே வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கோ இது நாள்தோறும் எழும் கேள்வி.

இதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஒரு நாட்டுப்புற நகரம் முப்பது ஆண்டுகளாக விடை சொல்லி வருகின்றது. அதன் பெயர் பகொலோர். 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கே 67,000 பேருக்கு மேல் இருந்தனர். 1995இல் ஏறத்தாழ 13,000 பேரே எஞ்சினர். ஊரின் பெரும்பகுதி எரிமலை மணலுக்குள் புதைந்துபோயிற்று. 2020இல் அங்கே மறுபடியும் 48,000 பேர் வாழ்ந்தனர். இம்மக்கள் எதைக் காப்பாற்றினார்கள், எதை இழந்தார்கள் என்பதை நாம் ஆறுதலாக நோக்குதல் நல்லது. ஊர் என்பது மண்ணும் கல்லும் மட்டுமன்று. தம்மை அவ்வூரவர் என்று எண்ணி ஒன்றாய் நிற்கும் மக்களும், அவர்களுடைய உரிமைகளுமே ஊர் என்பது எமது கருத்து. ஆனால் அந்த உரிமைகள் எல்லோருக்கும் சமமாகக் காக்கப்படவில்லை என்பதையும் பகொலோர் எமக்குக் காட்டுகின்றது.

மேட்டுநிலம் என்னும் பெயர்

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிகப் பெரிய தீவு லூசோன். அதன் நடுப்பகுதியிலே பரந்த சமவெளி ஒன்று உண்டு. அச்சமவெளியின் தென்பகுதியில் பம்பாங்கா மாகாணம் இருக்கிறது. 'பம்பாங்' என்றால் ஆற்றங்கரை. பெயருக்கேற்ப ஆறுகளாலும் வாய்க்கால்களாலும் நிறைந்த பூமி அது. நெல்லும் கரும்பும் அங்கே முதன்மைப் பயிர்கள். இம்மாகாணத்தில், தலைநகர் மணிலாவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவில் பகொலோர் அமைந்துள்ளது. மாகாண மக்களின் கபம்பாங்கன் மொழியில் 'பகுலுட்' என்றால் மேட்டுநிலம். தாழ்ந்த ஆற்று வெளியிலே சற்று உயர்ந்து நின்றதால் ஊருக்கு அப்பெயர் வந்தது.

ஸ்பானியர் ஆட்சி தொடங்கிய காலத்திலேயே, 1576இல், அகுஸ்தீன் சபைக் குருக்கள் இங்கே பங்கொன்றை நிறுவினர். புனித வில்லியம் ஊரின் பாதுகாவலரானார். மக்கள் அவரைச் சான் கிய்யெர்மோ என்று அழைக்கின்றனர். ஆலயம், அதன் முன்னே சதுக்கம், அருகே ஆட்சி மன்றம், சுற்றிலும் குறிச்சிகள் என்பதே அந்நாட்டு ஊர்களின் அமைப்பு. ஆலய மணியின் ஒலி எட்டும் தூரத்துக்குள் மக்களைக் குடியமர்த்துவது ஸ்பானியரின் கொள்கையாக இருந்தது. வரி திரட்டவும் மறைபோதிக்கவும் அது வசதியாயிற்று. ஆனால் காலப்போக்கில் அந்த மணியொலி மக்களுக்கே உரியதாகிவிட்டது. குறிச்சிகளை அங்கே 'பராங்காய்' என்பர். பகொலோரில் அப்படி 21 உண்டு.

1762இல் ஆங்கிலேயர் மணிலாவைக் கைப்பற்றியபோது, ஸ்பானிய அதிகாரி சிமோன் டி அண்டா பகொலோருக்கு வந்து, 1764வரை இங்கிருந்தே ஆட்சி நடத்தினார். நாட்டுப்புற ஊரொன்று சிலகாலம் ஒரு நாட்டின் தலைநகராயிற்று. பம்பாங்கா மாகாணத்தின் தலைநகராகவும் இது நெடுங்காலம் விளங்கியது. 1892இல் புகையிரதப் பாதை அயலூரான சான் பெர்னாண்டோ வழியாகத் திறக்கப்பட்டது. 1904இல் தலைநகரும் அங்கே மாற்றப்பட்டது. 1861இல் பகொலோரில் தொடங்கப்பட்ட தொழிற்பள்ளி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து அவ்வூரிலேயே இயங்குகின்றது. கபம்பாங்கன் மொழியின் பெருங்கவிஞரும் நாடகாசிரியருமான ஹுவான் கிறிசொஸ்தொமோ சோதோ 1867இல் பிறந்ததும் இங்கேதான். 1880ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் ஆலயம் இடிந்தது. 1897இல் அது மறுபடியும் கட்டப்பட்டது.

இவற்றை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. புதைவதற்கு முன்னரே பகொலோர் மக்களிடம் தம்மூரைப் பற்றிய நினைவு ஆழமாக வேரூன்றியிருந்தது. பின்னர் அவர்களைத் தாங்கி நின்றது அந்த நினைவே.

மலை இறங்கி வந்தது

பகொலோரின் வடமேற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் பினதுபோ மலை நிற்கின்றது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் உறங்கிக் கிடந்ததால் அதை எரிமலை என்று நினைத்தவர்கள் சிலரே. 1991 யூன் 15ஆந் திகதி அது வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்புக்களில் இரண்டாவதாக அதைக் கணிக்கின்றனர். அறிஞர்கள் முன்கூட்டியே எச்சரித்ததால் பல்லாயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆயினும் அன்றைய தினமே சூறாவளியொன்றும் வீசியது. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் வீழ்ந்தமையாற் பலர் மாண்டனர்.

வெடிப்பு ஓய்ந்தபோது துன்பம் ஓயவில்லை. மலையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஐந்து கன கிலோமீற்றருக்கு மேற்பட்ட சாம்பலும் மணலும் நுரைக்கல்லும் இறுகாமற் குவிந்து கிடந்தன. மழை பெய்தபோது அவை நீரோடு கலந்து, குழைத்த கொங்கிறீற் போல ஆறுகள் வழியே இறங்கி வந்தன. இதற்கு 'லகார்' என்று பெயர். யாவா மக்களின் மொழியிலிருந்து வந்த சொல் அது. லகார் ஆற்றின் படுக்கையை உயர்த்திவிடும். அப்போது ஆறு பழைய வழியை விட்டு வயலுக்குள்ளும் ஊருக்குள்ளும் புகும். ஒருமுறை வந்தாற் போதாதென்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

பகொலோர்ப் பக்கமாக இறங்குவது பாசிக்-பொட்றேரோ என்னும் ஆறு. 1993 ஒக்ரோபரில் மலையிலே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அயலிலிருந்த சாகோபியா ஆற்றின் மேற்பகுதியை இந்த ஆறு தன்வசம் இழுத்துக்கொண்டது. வடக்கேயுள்ள ஊர்களுக்குச் செல்லவேண்டிய மணலும் அன்றுமுதல் பகொலோரின் பக்கமே திரும்பியது. ஊரவர் செய்த குற்றம் எதுவுமில்லை. ஆற்றுக்கு நேர்ந்த ஒரு மாற்றம் அவர்களுடைய தலைவிதியை மாற்றிவிட்டது.

1994இல் வந்த லகாரிலும் ஊர் பெருஞ்சேதமடைந்தது. 1995 ஒக்ரோபர் முதலாந் திகதி, சூறாவளி மழையோடு வந்த லகார் கபலந்தியான் என்னும் குறிச்சியைச் சில மணித்தியாலங்களில் மூடியது. கூரைகளில் ஏறி நின்றவர்களையும் அது விடவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். நகரின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஆறு மீற்றர் உயரத்துக்கு மணல் நின்றது. பன்னிரண்டு மீற்றர் உயரமான சான் கிய்யெர்மோ ஆலயத்தின் பாதி நிலத்தின் கீழே போயிற்று. மேட்டுநிலம் என்று பெயர் பெற்ற ஊர் பள்ளமாகிப் புதைந்தது.

ஊரைக் கைவிடுங்கள் என்றபோது

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1992இல் சட்டம் இயற்றிப் பினதுபோ ஆணைக்குழுவை அமைத்தது. பாதுகாப்பான இடங்களில் மீள்குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. பகொலோர்க் குடும்பங்கள் பல சான் பெர்னாண்டோவிலுள்ள புலாவோன், மபலகற்றிலுள்ள மடப்டப் போன்ற இடங்களுக்குச் சென்றன. அங்கே வீடு கிடைத்தது, பாதை கிடைத்தது, பாடசாலை கிடைத்தது. வயல் கிடைக்கவில்லை. எதிர்பார்க்கப்பட்ட தொழிற்சாலைகளும் போதிய அளவில் வரவில்லை. விதைக்கத் தெரிந்த கைகளுக்கு விதைக்க நிலமில்லாத வாழ்வு எத்தகையது என்பதை இப்பக்கங்களை வாசிப்போருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இதே காலத்தில் மாகாணத் தலைநகரான சான் பெர்னாண்டோவை மணலிலிருந்து காப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. சனாதிபதி பிதெல் ராமோஸ் காலத்தில், 1996இல், மாபெரும் அணைக்கட்டு ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. மணலைக் கட்டுக்குள்ளே தேக்கி, வெளியேயுள்ள ஊர்களைக் காப்பது அதன் நோக்கம். அணை பெருமளவுக்கு அதன் வேலையைச் செய்தது. சான் பெர்னாண்டோ தப்பியது. ஆனால் பகொலோரின் பெரும்பகுதி அணைக்கு உள்ளே, மணல் தங்கும் பக்கத்தில் அகப்பட்டது. வரைபடத்தில் அது மணல் கொள்ளும் ஒரு கிண்ணமாயிற்று.

பலரைக் காக்கச் சிலர் இழக்கத்தான் வேண்டும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அந்நேரத்தில் வேறு வழி குறைவு என்பதை நாமும் மறுக்கவில்லை. லகார் மெய்யான ஆபத்து. அதன் பாதையில் மக்கள் இருக்கவேண்டும் என்று எவரும் கேட்கமுடியாது. ஆனால் ஆபத்தான காலத்தில் ஓரிடத்தை விட்டு விலகியிருப்பது ஒன்று. அவ்விடம் இனி ஊரே அல்ல என்று தீர்ப்பது வேறொன்று. முன்னையதை அறிவியல் சொல்லலாம். பின்னையதைச் சொல்லும் உரிமை அவ்வூரவருக்கு மட்டுமே உண்டு.

பகொலோர் மக்கள் அதைச் சொல்ல மறுத்தார்கள். போகாமல் நின்ற சிலர் ஒவ்வொரு லகாருக்குப் பின்னும் வீட்டை உயர்த்தினர். தூண்களில் நிறுத்தினர், மேல்மாடியைக் கீழ்வீடாக்கினர். புதைந்த ஆலயத்தினுள்ளே பங்குமக்கள் மணலைத் தோண்டினர். பலிபீடத்தையும் அதன் பின்னேயிருந்த மரச் சிற்ப வேலைப்பாடுகளையும் வெளியே எடுத்து, கூரை உயர்ந்திருந்த குவிமாடத்தின் கீழ் மாற்றி அமைத்தனர். பழைய யன்னல்கள் வாசல்களாயின. அந்த வாசல்களினூடாகவே மக்கள் இன்றும் வழிபாட்டுக்குச் செல்கின்றனர். தூர இடங்களில் குடியேறியவர்களும் பெப்ரவரி 10ஆந் திகதித் திருவிழாவுக்கு இங்கே வருகின்றனர்.

அபாயம் குறையக் குறைய மக்கள் திரும்பினர். 2000இல் ஏறத்தாழ 16,000 பேர், 2010இல் 31,000 பேருக்கு மேல், 2020இல் 48,000. முப்பது ஆண்டுகள் சென்றும் பழைய தொகையை எட்டவில்லை. திரும்பாதோரும் பலர். பிள்ளைகளின் படிப்பு, வேலை, திருமணம் என்று அவர்களுடைய வாழ்வு புதிய இடத்தில் ஊன்றிவிட்டது. அவர்களை ஊரை மறந்தவர்கள் என்று குறைசொல்வது தவறு. திரும்புவது ஓர் உரிமை, கட்டாயக் கடமையல்ல.

மணலின் கீழும் காணி காணியே

இனி நாம் கமக்காரருக்கு மிக முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஆறு மீற்றர் மணலின் கீழ் வேலியும் வரம்பும் எல்லைக்கல்லும் போய்விட்டால் எனது காணி எது, உனது காணி எது என்று எப்படிச் சொல்வது?

பிலிப்பைன்ஸ் நாட்டில் 1902ஆம் ஆண்டுச் சட்டத்தோடு காணிப் பதிவு முறை வந்தது. பதிவு செய்யப்பட்ட காணியின் மூலைகள் அளவையாளரின் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மூலையும் அரசாங்கம் நாட்டிய நிலையான அளவைக் கல்லொன்றிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று எழுதப்பட்டிருக்கும். ஆகவே நிலத்திலுள்ள கல் புதைந்தாலும், கடதாசியிலுள்ள கணக்குப் புதைவதில்லை. அளவையாளர் மறுபடியும் அளந்து, மணலின் மேலே அதே மூலைகளை நாட்டலாம். நிலத்தின் மட்டம் உயர்ந்ததேயன்றி உரிமை மாறவில்லை.

ஆனால் அதற்கு இரண்டு தேவை. ஒன்று, பதிவு இருக்கவேண்டும். மற்றது, அதன் பிரதி வேறோரிடத்திலாவது பாதுகாப்பாக இருக்கவேண்டும். பரம்பரையாக ஆண்டும் ஒருபோதும் பதியப்படாத காணிக்கும், பேரனின் பெயருக்கு மாற்றப்படாமல் பாட்டனாரின் பெயரிலேயே கிடக்கும் காணிக்கும் அயலாரின் சாட்சியமே துணை. அயலாரோ பத்து இடங்களிற் சிதறிவிட்டனர். ஊர் சிதறும்போது சாட்சியமும் சிதறுகின்றது. உறவினரும் அயலவரும் தொடர்பு விடாதிருப்பது பாசத்துக்காக மட்டுமன்று, காணிக்காகவுந்தான்.

உறுதி இல்லாதவர்களின் பங்கு

காணிச் சொந்தக்காரரின் நிலை இதுவானால் வாரத்துக்குச் செய்தவரின் நிலை என்ன? பம்பாங்கா நெடுங்காலமாகப் பெருநிலக்காரரின் மாகாணம். உழுதவர் பெரும்பாலும் விளைச்சலிற் பங்கு கொடுக்கும் வாரக்குடிகள். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அங்கே எழுந்த ஹுக் கிளர்ச்சிக்கு இந்த அநீதி முக்கிய காரணம். 1963இல், இதே மாகாணத்தவரான சனாதிபதி டியோஸ்டாடோ மக்கபகால் வாரமுறையைக் குத்தகையாக மாற்றும் சட்டத்தில் ஒப்பமிட்டார். 1972இல் நெல், சோளக் காணிகளிலும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கரும்புக் காணிகளிலும் உழுபவருக்கு உரிமை கிடைக்க வழி திறந்தது. அந்த வழியில் மக்கள் பாதித்தூரம் நடந்துகொண்டிருந்தபோதுதான் மலை வெடித்தது.

குத்தகைக்காரரின் உரிமை பயிரோடு கட்டுண்டது. பயிர் விளையாத மணலில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? சொந்தக்காரர் பொறுத்திருந்தால் காணி ஒருநாள் வீட்டுநிலமாகவோ மணல் அள்ளும் இடமாகவோ பெறுமதி பெறும். உழுதவருக்கு அப்படியொன்று இல்லை. நட்டஈட்டுப் பட்டியல்கள் சொத்தை எண்ணுகின்றன; உழைப்பை எண்ணுவதில்லை. மலையிலேயே பரம்பரையாக வாழ்ந்த ஆயிற்றா பழங்குடியினரின் நிலை இதிலும் கடினமானது. முதலில் இடம்பெயர்ந்தவர்கள் அவர்களே. அவர்களிடம் பதிவு செய்த ஒரு துண்டும் இருக்கவில்லை. பழங்குடிகளின் பூர்வீக நிலவுரிமையை ஏற்கும் சட்டம் 1997இல்தான் அந்நாட்டில் வந்தது.

ஓர் ஊரின் மீட்சியை மதிப்பிடுவதற்கு எத்தனை வீடுகள் எழுந்தன என்று கேட்பது போதாது. காணியில்லாதவருக்கு அவ்வூரில் மறுபடியும் இடமுண்டா என்றுங் கேட்கவேண்டும்.

மணல் யாருக்கு?

வயலை அழித்த மணல் கட்டட வேலைக்கு உகந்ததாயிற்று. மெல்லிய படையாக மணல் விழுந்த இடங்களில் அதைப் பழைய மண்ணோடு சேர்த்து உழ முடிந்தது. வற்றாளையும் நிலக்கடலையும் மரவள்ளியும் அங்கே பயிராயின. ஆழமாகப் புதைந்த இடங்களிலோ நெல் இல்லை. ஆனால் லொறிகள் வந்தன. மாகாணத்தின் சாபமே அதன் செல்வமாக மாறியது.

அந்நாட்டு உள்ளூராட்சிச் சட்டம், மணல் வரியில் 30 வீதத்தை மாகாணத்துக்கும், 30 வீதத்தை நகரசபைக்கும், 40 வீதத்தை மணல் அள்ளப்படும் குறிச்சிக்கும் ஒதுக்குகின்றது. சட்டம் நல்லதே. ஆனால் வசூலானது எவ்வளவு? 2007இல் எட்டி பன்லிலியோ என்னும் கத்தோலிக்க குருவானவர் பம்பாங்கா ஆளுநராகத் தெரிவானார். பினதுபோவினாற் பாதிக்கப்பட்டோர் மத்தியில் சமூகப் பணி செய்தவர் அவர். அரசியலில் இறங்கியமையால் குருத்துவப் பணியிலிருந்து அவர் இடைநிறுத்தப்பட்டார். அவர் பதவியேற்றதும் மணல் வரி நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பெசோ சேர்ந்தது. முன்னர் ஒரு வருடத்திற் காட்டப்பட்ட தொகை ஒரே மாதத்தில் வந்தது. மணல் அதே மணல். லொறிகளும் அதே லொறிகள். கணக்கு மட்டுமே மாறியது. முன்னைய ஆண்டுகளில் புதைந்த குறிச்சிகளுக்குச் சேரவேண்டிய 40 வீதம் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எமது கருத்து

பகொலோர் ஒரு வெற்றிக் கதை என்று சொல்வோர் உண்டு. பிடிவாதத்தின் கதை என்று சொல்வோரும் உண்டு. நாம் இரண்டையும் ஏற்கவில்லை. அங்கிருந்து நாம் கற்கக்கூடியவை நான்கு.

முதலாவது, இடம்பெயர்ந்தவர்களின் ஊரைப்பற்றிய எந்தத் தீர்மானமும் அவர்களில்லாமல் எடுக்கப்படலாகாது. ஆபத்தைப் பற்றி அறிஞர் சொல்வதை மக்கள் கேட்கவேண்டும். ஊரைப் பற்றி மக்கள் சொல்வதை அறிஞர் கேட்கவேண்டும்.

இரண்டாவது, திரும்பியோரும் திரும்பாதோரும் ஒரே ஊரவர். இருசாராரையும் பிரித்துப் பேசுவது எவருக்கும் நன்மை தராது. வெளியே இருப்பவர்களும் வந்து கலந்துகொள்ளும் திருவிழாவும், வெளியே இருப்பவர்களின் பெயரையும் வைத்திருக்கும் ஊர்ப் பதிவேடும் சிறிய காரியங்கள் அல்ல.

மூன்றாவது, காணிக் கடதாசி உணவுப் பொருளைப்போலக் காக்கப்படவேண்டியது. உறுதியும், அளவைப் படமும், வரித்துண்டும், பிறப்பு மரணச் சான்றிதழும் ஒரே பெட்டியில் மட்டும் இருக்கலாகாது. பிரதியெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். முதியோர் உயிரோடு இருக்கும்போதே எந்த மரத்திலிருந்து எந்த வாய்க்கால்வரை எவருடைய காணி என்று கேட்டு எழுதி, அயலவரின் ஒப்பத்தையும் வாங்கி வையுங்கள்.

நான்காவது, உறுதி இல்லாதவர்களையும் எண்ணவேண்டும். குத்தகைக்காரர், கூலிக்குச் செய்தவர், கணவனை இழந்து காணி பெயர் மாறாதிருக்கும் பெண்கள் ஆகியோரின் பட்டியலை அரசாங்கம் தயாரிக்கும்வரை காத்திராமல் ஊர்ச் சங்கமே தயாரிக்கட்டும். எவர் எந்த வயலை எத்தனை போகம் செய்தார் என்பது ஊரவருக்குத் தெரியும். பிறருக்குத் தெரியாது.

பகொலோர் ஆலயத்தின் பழைய நிலத்தளம் இன்றும் மணலின் கீழேதான் இருக்கின்றது. அதை எவராலும் மீட்க முடியவில்லை. மேலே புதிய தளத்தில் நின்றுதான் மக்கள் வழிபடுகின்றனர். பழையபடியே எல்லாம் கிடைக்கும் என்று எவருக்கும் நாம் உறுதி சொல்லமுடியாது. கிடைக்கும் இடத்திலிருந்து ஊரை மறுபடியும் கட்ட முடியும் என்பதையும், அப்படிக் கட்டும்போது எவரையும் மணலின் கீழே விட்டுவிடக்கூடாது என்பதையும் உறுதியாகவே சொல்லலாம்.